மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை

வெர்னன் டிவிட்டின் கார் தீப்பிடித்து ஐம்பது மணி நேரம் ஆகியிருந்தது. அதில் நாற்பத்தொன்பது மணி நேரமாக டென்னி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தான்.

சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை செய்தி காதில் விழுந்ததுமே இர்மாவுக்குப் போன் போட்டிருக்கலாம். திங்கட்கிழமை வெர்னனின் மனைவி ட்ரூடி ஆபீசுக்கு வந்து, "வண்டி வேலையில கூடவே இருந்த கில்தான் செஞ்சான், நிரூபிச்சுக் கொடுங்க" என்று மேஜையைத் தட்டியபோதும் வாயைத் திறந்திருக்கலாம். அப்போது அவன் காபி கலந்துகொண்டிருந்தான். ட்ரூடியின் கோப்பையில் இரண்டு முறை சர்க்கரை போட்டான். அவ்வளவுதான் செய்தான்.

இர்மா கொவால்சிக் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைக் கிளறியவள். இப்போது அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள மஸ்கீகன் ஊரில் சொந்தமாகத் துப்பறிகிறாள். டென்னி அவளுக்கு உதவியாள், பாதி நாள் டிரைவர், முழு நாளும் வாயாடி. சனிக்கிழமைகளில் அவளிடம் வேலை இருக்காது. அன்றைக்கு வேறு இடத்தில் நிற்பான்.

இப்போது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. இருவரும் வெர்னன் வீட்டுக் கராஜில் நின்றுகொண்டிருந்தார்கள். இழுவை வண்டிக்காரன் காரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

எழுபத்திரண்டாம் வருடத்து டாட்சன். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு. துருப்பிடித்த கூடாக வாங்கி, எட்டு வருடம் தட்டி, ஒட்டி, ஆரஞ்சுச் சாயம் அடித்து, பெரிய இன்ஜின் ஏற்றி வைத்திருந்தார் வெர்னன். இப்போது பானெட்டின் இடப்பக்கம் கருகியிருந்தது. வலப்பக்கம் புதுசாகவே பளபளத்தது.

"டோஸ்டர்ல ஒரு பக்கம் மட்டும் கருகின ரொட்டி மாதிரி இருக்கு பாஸ்" என்றான் டென்னி. சொன்ன பிறகு அவனுக்கே பிடிக்கவில்லை.

ட்ரூடி கராஜ் வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏரிக்கரை ரோட்டுல போறப்ப பெட்ரோல் வாசனை வந்திருக்கு. நிறுத்திட்டு ஓடி வந்திருக்கலாம். வெறுங்கையால பானெட்டைத் திறந்து, பக்கத்துல நின்னு அணைச்சிருக்கார். ரெண்டு கையும் போச்சு. அவர் முடி வெட்டுறவர் இர்மா. கை இல்லாம என்ன பண்ணுவார்?"

"நேத்து டாக்டர் என்ன சொன்னார்?"

"தோல் ஒட்டணுமாம். இன்னும் சரியா முழிக்கலை. வலிக்கு மருந்து கொடுத்துத் தூங்க வெச்சிருக்காங்க."

வெர்னனின் தலையில் ஒரு முடி கிடையாது. ஊர் முழுக்க முடி வெட்டுகிறவர் மொட்டைத் தலையோடு இருக்கிறாரே என்று பாதி ஊர் அவரிடமே சொல்லிச் சிரித்தாயிற்று. டென்னியும் சொல்லியிருக்கிறான், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. அவர் ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார்.

"கில் மேல ஏன் சந்தேகம்?"

"வெள்ளிக்கிழமை காலைல சாப்பாட்டுக் கடை வாசல்ல கார்க்காரங்க எல்லாம் கூடுவாங்க இல்ல, அங்கே வெச்சு அத்தனை பேர் முன்னாடி கத்தினான். 'இந்த வண்டி ஒருநாள் உன்னைக் கொளுத்தும்'னு. அப்புறம் இங்கேயும் வந்து கத்தினான். ஞாயித்துக்கிழமை கொளுத்திடுச்சு. ஷெரீஃப் ஆபீஸ்ல சொல்லிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து அவனைக் கூட்டிட்டுப் போறாங்க. அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்."

"சண்டை எதுக்கு?"

"கார்புரேட்டரை எடுத்துட்டு இன்ஜெக்‌ஷன் போட்டார். கில்லுக்கு அது ஆகலை. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இர்மா திரும்பினாள். "டென்னி, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"கார்புரேட்டர்னா பெட்ரோல் சாதுவா வந்து நிக்கும் பாஸ். இன்ஜின் தாகத்துக்கு உறிஞ்சிக்கும். இன்ஜெக்‌ஷன்னா பம்ப் பிடிச்சுத் தள்ளும். பத்து மடங்கு அழுத்தம். அதுக்குக் குழாயும் வேற, குழாயைப் பிடிக்கிற கிளிப்பும் வேற. பழைய குழாய்..."

அங்கே நிறுத்திக்கொண்டான்.

"பழைய குழாய்?"

"தாங்காது."

இர்மா ஒரு குச்சியில் ஒட்டிய சிறு கண்ணாடியை இன்ஜினுக்குள் விட்டாள். டென்னி டார்ச் பிடித்தான். உள்ளே எங்கு பார்த்தாலும் புள்ளிகள். ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரு பொட்டு, சில மஞ்சள், சில பச்சை.

"இது என்ன, அம்மை போட்டிருக்கு?" என்றாள் இர்மா.

"முடுக்கினதுக்கு அடையாளம்" என்றார் ட்ரூடி. "அவர் முடுக்கினா மஞ்சள், கில் முடுக்கினா பச்சை. புள்ளி வைக்கலைன்னா வேலை முடியலைன்னு அர்த்தம். எங்க சமையலறைக் குழாயை மாத்தினப்ப அதுலயும் ஒரு மஞ்சப் புள்ளி வெச்சார் மனுஷன்." சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. அடக்கிக்கொண்டார்.

கண்ணாடி நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய், நடுவில் பிளந்திருந்தது. அதன் மேல் முனையில் ஒரு கிளிப். மற்ற கிளிப்புகள் எல்லாம் வழவழப்பான பட்டை. இது மட்டும் வெட்டு வெட்டாகப் பல் வைத்த சாதாரண ரகம். புகை படிந்திருந்ததை இர்மா துணியால் துடைத்தாள். ஸ்க்ரூ தலையில் எந்த நிறமும் இல்லை.

"மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை" என்றாள்.

"திருட்டுத்தனம் பண்றவன் பொட்டு வெச்சுட்டுப் போவானா?" என்றார் ட்ரூடி.

"நியாயம். டென்னி, வெளிச்சம் ஆடுது."

"குளிர் பாஸ்."

"கோட்டு மேல கோட்டு போட்டிருக்கே."

"உள்ளே இருக்கிற ஆள் மெலிசு."

இர்மா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். தீ எட்டாத மட்கார்டின் விளிம்பில் குனிந்தாள். அங்கே ஆரஞ்சுச் சாயத்தில் சின்னச் சின்னக் கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்று, கோழி கிளறியது போல.

"இது எப்படி வந்துச்சு?"

ட்ரூடி ஓடி வந்து பார்த்தார். முகம் மாறியது. "இது இருக்கவே முடியாது. ரெண்டு பேரும் பெல்ட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் வண்டியைத் தொடுவாங்க. பக்கிள் பட்டுச் சாயம் போயிடும்னு. அதோ."

சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்று காலி. மற்றதில் ஒரு பழுப்புத் தோல் பெல்ட் தொங்கியது.

"இது யாருது?"

"கில்லோடது. வெள்ளிக்கிழமை கோபத்துல விட்டுட்டுப் போயிட்டான்."

"பேண்டைக் கையால பிடிச்சுக்கிட்டேவா கோபமாப் போனார்?" என்றான் டென்னி. இந்த முறை ட்ரூடிக்கு அரை நொடி சிரிப்பு வந்துவிட்டது. உடனே கண் கலங்கியது.

"திரும்ப வந்திருந்தா பெல்ட்டை எடுத்துட்டுப் போயிருப்பார்" என்றாள் இர்மா.

"மறந்திருப்பான்."

"இருக்கலாம். வெள்ளிக்கும் ஞாயித்துக்கும் நடுவுல வண்டி வெளிய போச்சா?"

"சனிக்கிழமை. மழையில. முக்கால் மணி நேரம் கழிச்சு வந்தார். எங்கே போனீங்கன்னு நான் கேக்கலை. நான் பேசறதையே நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் பனி விழும்னாங்க. பனியைக் கரைக்க ரோட்டுல உப்பு கொட்டிட்டா ஏப்ரல் வரை வண்டியை வெளிய எடுக்க முடியாதே, துரு தின்னுடுமே, அதுக்குள்ள ஒரே ஒரு தடவைன்னு குழந்தை மாதிரி நின்னார். 'போங்க, போய் அந்த வண்டியையே கட்டிக்கோங்க'ன்னேன்." ட்ரூடி கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார். "ஞாயித்துக்கிழமை காலையிலயும் நான் எழுந்து வரலை."

டென்னி டார்ச்சை அணைத்தான். தரையைப் பார்த்தான். தரையிலும் எங்கோ ஒரு மஞ்சள் புள்ளி சிந்தியிருந்தது.

கில், துறைமுகத்து ஓரமாகத் தூண்டில் புழுவும் பொடிமீனும் விற்கிறவர். ஆறடி உயரம், பெரிய வயிறு. இருவரும் அவர் கடைக்குள் நுழைந்தபோது, இடுப்பில் பெல்ட்டுக்குப் பதிலாக நீல நைலான் கயிறு கட்டியிருந்தார்.

"வந்துட்டீங்களா" என்றார். "நாலு மணிக்குத்தானே சொன்னாங்க?"

"நாங்க ஷெரீஃப் இல்ல. என் பேர் இர்மா. இவன் டென்னி."

"யாரா இருந்தா என்ன. நான்தான் காரணம். எழுதிக்கோங்க."

இர்மா எழுதவில்லை. பொடிமீன் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எப்படிச் செஞ்சீங்க?"

"வாயால. கொளுத்தும்னேன், கொளுத்திடுச்சு."

"கையால?"

கில் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கையால என்ன செய்யணுமோ அதைச் செய்யலை. சனிக்கிழமை நான் போயிருக்கணும். எட்டு வருஷமா ஒரு சனிக்கிழமை விட்டதில்ல. என் அம்மா சாவுக்கு அப்புறம்கூட அடுத்த சனிக்கிழமை அங்கேதான் இருந்தேன். இந்த ஒரு சனிக்கிழமை வீம்புக்கு உக்காந்துட்டேன்." இடுப்புக் கயிற்றை இழுத்து முடிந்தார். "அவன் கை எப்படி இருக்கு? கத்தரி பிடிக்க முடியுமாமா? ட்ரூடி என்னை ஆஸ்பத்திரிக்குள்ள விடமாட்டேங்கறா."

டென்னி பொடிமீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றன.

"ஒரு குழாய் பிளந்திருக்கு" என்றாள் இர்மா. "சாதாரணக் குழாய். சாதாரணக் கிளிப். புள்ளி இல்லை."

"சாதாக் குழாயா?" கில் எழுந்து நின்றார். "இன்ஜெக்‌ஷனுக்கா? நான் இருந்திருந்தா பார்த்த உடனே பிடுங்கி ஏரியில எறிஞ்சிருப்பேனே! நல்ல குழாய் போட்டிருந்தோம். மேல் முனையில கொஞ்சம் குட்டையா வெட்டிட்டான். ஒழுகும், மாத்துடான்னேன். அதுலதான் சண்டையே ஆரம்பிச்சுது."

"வெர்னனுக்கு இது தெரியாதா?"

"அவனுக்குத் தெரியும், ஆனா அவன்மேலேயே அவனுக்கு நம்பிக்கை கிடையாது. ஆயிரம் தடவை படிப்பான், அப்புறமும் யாரையாவது கேப்பான். தெரிஞ்ச ஆள் ஒருத்தன் 'பரவாயில்ல'ன்னு சொல்லிட்டா அப்படியே நம்பிடுவான்."

"பாஸ்" என்றான் டென்னி. "இங்க மீன் நாத்தம் தாங்கலை. நான் வெளிய நிக்கறேன்."

"நில்லு. இன்னும் ஒரே கேள்வி. கில், அந்தக் கிளிப்போட ஸ்க்ரூ தலை இன்ஜின் பக்கமாத் திரும்பியிருந்தது. வலப்பக்கத்தைப் பார்த்து."

கில் நெற்றியைச் சுருக்கினார். காற்றில் ஒரு காரை வரைந்தார். ஒரு கையால் பானெட்டைத் திறந்தார், மறு கையால் திருப்புளியைப் பிடித்தார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"அப்படின்னா வலப்பக்கம் நின்னு, இன்ஜின் மேலயே படுத்து முடுக்கியிருக்கான். இந்த வண்டிக்குப் பானெட் முன்பக்கமா மடங்கும், முன்னால நின்னு கை விட முடியாது. பக்கவாட்டுலதான் போகணும். பெட்ரோல் சாமான் பூரா இடப்பக்கம். எங்க கராஜ்ல இடப்பக்கம் கட்டில் போடுற அளவுக்கு இடம் விட்டிருக்கோம். எவனாவது சுத்திப் போய், சூடான இன்ஜின் மேல வயித்தை வெச்சுப் படுப்பானா?"

"இடப்பக்கம் வழி இல்லைன்னா?"

"அப்படின்னா அது எங்க கராஜ் இல்ல."

இர்மா எழுந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "உங்க பெல்ட் இன்னும் ஆணியிலதான் தொங்குது."

"தெரியும்" என்றார் கில். "போய் எடுக்க மூஞ்சி இல்ல."

காரில் ஏறியதும் இர்மா, "நான் ஓட்டறேன்" என்றாள். அவள் ஓட்டுவது அபூர்வம். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் எப்போதும் வைத்திருக்கும் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியை டென்னியின் மடியில் வைத்தாள்.

"யோசிச்சுப் பாரு. சனிக்கிழமை மழை. எட்டு வருஷம் தடவித் தடவி வளர்த்த இன்ஜினை மழையில யாராவது திறப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ மேல கூரை இருந்திருக்கு. இடப்பக்கம் ஏதோ அடைச்சிருக்கு. கையில திருப்புளி வெச்சிருக்கிற, பெல்ட் கழட்டாத ஒரு ஆள் இருந்திருக்கான்."

"பெட்ரோல் பங்க்" என்றான் டென்னி வேகமாக. "ஊர்ல ஏகப்பட்ட பங்க் இருக்கு பாஸ். வடக்கேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாப் பார்ப்போம். நடுவுல சாப்பிடலாம். எனக்கு ஒரு டோனட் கடை தெரியும், அங்கே ஓட்டையை மட்டும் தனியா விப்பாங்க."

"பங்க்ல ரெண்டு பக்கமும் திறந்திருக்குமே டென்னி."

அவன் ஜாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவள் வடக்கே போகவில்லை. பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பி, டயர்க் கடையையும் துணி வெளுக்கும் கடையையும் கடந்து, ஒரு கார் பார்ட்ஸ் கடையின் முன்னால் வேகத்தைக் குறைத்தாள். வாசலுக்கு மேல் நீட்டிய தகரக் கூரை. அதன் கீழ் ஒரே ஒரு வண்டி நிற்கும் இடம். ஒரு பக்கம் ஐஸ் மூட்டைகள் விற்கும் பெரிய வெள்ளைப் பெட்டி.

இர்மா கூரைக்கு அடியில் காரை நெருக்கி நுழைத்தாள். இந்த ஊரில் ஓட்டுகிறவர் இருக்கை இடப்பக்கம்; அவள் பக்கத்துக் கண்ணாடி ஐஸ் பெட்டியை உரசாத குறை. இன்ஜினை அணைத்தாள்.

"இறங்கு."

"எதுக்கு?"

"நீ இறங்கினாத்தான் நான் இறங்க முடியும். என் கதவு திறக்காது. இடப்பக்கம் அடைச்சிருக்கு."

டென்னி இறங்கவில்லை. கடையின் கண்ணாடி வழியாகக் கவுன்ட்டர் தெரிந்தது. கவுன்ட்டர் மேல் ஒரு ஜாடி. அதில் மிட்டாய் மாதிரி பல் வைத்த கிளிப்புகள்.

"டென்னி, உன் சாவிக்கொத்து எங்கே?"

"எது?"

"பெல்ட்டுல தொங்குமே. வீட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, எந்தப் பூட்டுக்கும் சேராத பத்துச் சாவி. நீ மாடிப்படியில கால் வைக்கும்போதே எனக்குச் சத்தம் கேக்கும், நான் மேஜை மேலேர்ந்து காலை எடுத்துடுவேன். திங்கட்கிழமை காலைலேர்ந்து சத்தமில்லாம வர்றே. ரெண்டு தடவை கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்."

டென்னி கோட்டுப் பைக்குள் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்து ஊறுகாய் ஜாடியின் மூடி மேல் வைத்தான். ஒரு சாவியின் பல்லிடுக்கில் ஆரஞ்சுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது பாஸ்?"

"கீறலைப் பார்த்தப்ப சந்தேகம். பழைய குழாய்னு ஆரம்பிச்சுட்டு நீ நிறுத்தினப்பவே ஏதோ இருக்குன்னு பட்டுச்சு. சனிக்கிழமை நீ இங்கே கவுன்ட்டர்ல நிக்கிறவன். ஊர்ல ஒரு கார் எரிஞ்சா, 'எங்க கடைக்கு வந்தாரே'ன்னு நீதான் முதல்ல சொல்லியிருக்கணும். நீ சொல்லலை." அவள் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சொல்லு."

டென்னி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மழை கொட்டிச்சு. ஒழுகுதுன்னு வந்தார். மேல் முனையில பெட்ரோல் கசிஞ்சுது. நல்ல குழாய் ஸ்டாக் இல்லை, புதன்கிழமைதான் வரும். சாதாக் குழாய்ல ஒரு துண்டு வெட்டினேன். ஜாடியிலேர்ந்து ஒரு கிளிப் எடுத்தேன். இந்தப் பக்கம் ஐஸ் பெட்டி. அதனால அந்தப் பக்கம் போய் மேல படுத்து நானே மாட்டிவிட்டேன். எங்க கடையில எல்லாருக்கும் செய்வோம், வைப்பர் மாட்டறது, பல்பு மாட்டறது. காசு வாங்கறதில்ல. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் போதும்னு நினைச்சேன்."

"நினைச்சே."

"ஆமா."

"அவர்கிட்ட சொன்னியா? வீட்டுக்குப் போனதும் மாத்துங்க, நாளைக்கு ஓட்டாதீங்கன்னு?"

கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து முன்கண்ணாடியில் வழிந்தது.

"சொன்னேன்."

"சொன்னே."

"சொன்னேன் பாஸ்."

இர்மா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். "சரி. அப்படின்னா கில் மேல தப்பில்லை. உன் மேலயும் பெரிசா இல்லை. நீ எச்சரிச்சிருக்கே, வெர்னன் கேக்காம ஓட்டியிருக்கார்." இன்ஜினைக் கிளப்பினாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோம். ட்ரூடி அங்கேதான் இருப்பாங்க, அவங்க நாலு மணிக்குள்ள ஷெரீஃபைத் தடுக்கணும். நடந்ததை நீயே சொல்லிடு."

சாவிக்கொத்து ஜாடியின் மேல் வழியெல்லாம் குலுங்கிக்கொண்டே வந்தது.

வெர்னன் விழித்திருந்தார். மத்தியானம் மருந்தைக் குறைத்திருந்தார்கள். இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு, குத்துச்சண்டைக்காரனுடையது போல இரண்டு தலையணைகளின் மேல் வைக்கப்பட்டிருந்தன. மொட்டைத் தலை விளக்கொளியில் மின்னியது.

அறைக்கு வெளியே இர்மா டென்னியை நிறுத்தினாள். "ஒரு கேள்வி மறுபடியும் கேக்கலாம்னு நினைச்சேன். கேக்கப் போறதில்லை" என்றாள். கதவைத் திறந்துவிட்டாள்.

டென்னி சொன்னான். கட்டிலின் கால்மாட்டில் நின்று, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காரில் சொன்ன அதே வரிசையில் சொன்னான். மழை, கசிவு, ஸ்டாக் இல்லை, சாதாக் குழாய், ஐஸ் பெட்டி. எச்சரிக்கை பற்றிய வரி வந்தபோது, "வீடு போற வரைக்கும்தான்" என்று முணுமுணுத்துவிட்டு நிறுத்தினான்.

ட்ரூடி எழுந்து நின்றார். முதலில் டென்னியைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"அப்போ கில் இல்லையா?"

"கில் அந்தப் பக்கமே வரலை" என்றாள் இர்மா.

"நான் அவன் பேரைக் கொடுத்துட்டேனே. பூரா ஊருக்கும் சொல்லிட்டேனே." ட்ரூடியின் கோபம் போக இடம் தேடியது. அதற்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. "உங்களுக்குக் காது எதுக்கு இருக்கு வெர்னன்? அந்தத் தம்பி சொல்லியிருக்கான். மாத்திட்டு ஓட்டுங்கன்னு சொல்லியிருக்கான். நான் சொன்னாலும் கேக்கறதில்ல, கில் சொன்னாலும் கேக்கறதில்ல. ஒரு நாள் பொறுக்க முடியலையா? பனி வந்தா வந்துட்டுப் போகட்டுமே! இப்ப யார் கையால சாப்பிடுவீங்க?"

வெர்னன் தலையாட்டினார். "என் தப்புதான்" என்றார். குரல் காய்ந்திருந்தது. "ட்ரூடி, கில்லுக்குப் போன் போடு. நான் மடையன்னு சொன்னேன்னு சொல்லு. ஷெரீஃப்கிட்டயும் சொல்லு. நான்தான்னு."

ட்ரூடி போனை எடுத்தார், எண் தப்பியது, மறுபடி அழுத்தினார். இர்மா ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள்.

வெர்னன் டென்னியைப் பார்த்தார். "தம்பி, நீ ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே? அந்த மழையில வெளிய வந்து எனக்காக வேலை செஞ்சே. காசுகூட வாங்கிக்கலை."

"சார்..."

"யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், நீ மாத்தச் சொன்னது மட்டும் ஞாபகம் வரமாட்டேங்குது. மருந்து பண்ற வேலை. நீ ஏதோ சொன்னே, நான் சிரிச்சேன், வண்டியை எடுத்தேன். சிரிச்சது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு." கட்டுப் போட்ட கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீ சொல்லியிருப்பே. நான்தான் காதுல வாங்கியிருக்க மாட்டேன். எட்டு வருஷம் படிச்சு என்ன பிரயோஜனம், எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்ல. கில்லை அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிடறேன்."

"கில்லா?" என்றார் ட்ரூடி போனில். "நான் ட்ரூடி. இல்ல, அவர் நல்லா இருக்கார். வா. நீ கிளம்பி வா. தப்பு இவர்மேலதான். கடைக்காரத் தம்பி சொல்லியும் இவர்தான்..."

கதவு ஐந்தடி தூரத்தில் இருந்தது. திறந்தே இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது. ஷெரீஃப் வரமாட்டார், கில் வந்துவிடுவார், எல்லோரும் மன்னிக்க வேண்டியவரை மன்னித்துவிடுவார்கள். டென்னி இப்போது ஒரு சின்ன ஜோக் சொன்னால் போதும். வெர்னன் சிரிப்பார். இர்மா திரும்பிப் பார்க்கமாட்டாள். நாளைக்குச் சாவியைப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு மாடி ஏறலாம்.

இர்மா ஜன்னலை விட்டு அசையவில்லை.

டென்னி கம்பியிலிருந்து கையை எடுத்தான். கட்டிலின் தலைமாட்டுக்குப் போனான். வெர்னனின் கண்ணுக்கு நேராகக் குனிந்தான். ட்ரூடி போனைக் காதில் வைத்தபடியே நின்றார்.

"நீங்க எதையும் மறக்கலை சார்" என்றான். "நீங்க பானெட்டை மூடறதுக்கு முன்னாடி, 'இது தாங்குமா தம்பி'ன்னு கேட்டீங்க. 'உங்க தலைமுடியை விட ஜாஸ்தி நாள் தாங்கும்'னேன். நீங்க சிரிச்சீங்க. கடைக்குள்ள போன் அடிச்சுது, நான் ஓடிட்டேன். மாத்தணும்னு நான் சொல்லவே இல்லை."